தாயைப் பார்த்த பிறகு குட்டி

கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர்ப் பக்கம் அந்தக் காலத்தில் நாய்க்குட்டியைக் காசு கொடுத்து வாங்குகிற வழக்கம் கிடையாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். நல்ல வேட்டைநாய் வைத்திருப்பவர் வீட்டுப் பெட்டை சினையாக இருக்கிறது என்று காதில் விழுந்ததுமே போய்ச் சொல்லிவைத்துவிட்டு வருவார்கள். கொடுக்கிறவர் அந்த இடத்திலேயே சரி என்றுவிட மாட்டார். கேட்கிற ஆள் எப்படி, அவர் வீட்டில் கூழுக்குப் பஞ்சமில்லையா, வாங்கிப் போன நாயை இன்னொருவர் கையில் தள்ளிவிடுகிறவரா என்றெல்லாம் யோசித்து, "விழட்டும், பாப்போம்" என்பார். சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் இப்படித்தான் வீடு மாறின.

1970களின் நடுவில் எங்கள் வீட்டுக்கு ஒரு கன்னிக் குட்டி வந்தது. கறுப்பு உடம்பு, கால்களிலும் மோவாயிலும் பழுப்பு. தாத்தா அதைத் தேர்ந்தெடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெட்டை, சோளத்தட்டைப் படப்புக்கு அடியில் பள்ளம் பறித்துக் குட்டி போட்டிருந்தது. வீட்டுக்காரர் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து முற்றத்துச் சாக்கில் வைத்தார். தாத்தா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குட்டியின் பிடரித்தோலைப் பிடித்து அந்தரத்தில் தூக்கினார். வீலென்று கத்தியவை ஒரு பக்கம் போயின. கத்தாமல் தொங்கியவை மறுபக்கம். அதற்குள்ளும் வாயைப் பிளந்து அண்ணத்தைப் பார்த்தார். கறுத்திருந்தால் ரோசமான நாய். பிறகு நகம் எண்ணினார். பதினெட்டு இருந்தால் வீட்டுக்கு ஆகும், பின்னங்காலில் கூடுதல் நகம் இருந்து இருபதானால் ஆகாது. கடைசியில் மிஞ்சிய இரண்டை முற்றத்தின் இரண்டு மூலையில் விட்டுத் தாயை அவிழ்த்துவிட்டார்கள். அவள் முதலில் எதைக் கவ்விக்கொண்டு போகிறாளோ அது எங்களுக்கு.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் இன்று என்ன மதிப்பு? பிடரியில் தூக்கினால் கத்தாத குட்டி தைரியசாலியாக இருக்கலாம். பயத்தில் உறைந்துபோன குட்டியும் அப்படித்தான் சத்தமில்லாமல் தொங்கும். அண்ணத்தின் கறுப்பு வெறும் நிறம். பின்னங்கால் கூடுதல் நகம் பரம்பரையாக வருவது, எதிலாவது சிக்கிக் கிழியும் என்பதைத் தவிர அதனால் யாருக்கும் கேடு கிடையாது. தாய் நாயை இழுப்பது பெரும்பாலும் அழுகிற குட்டியின் குரல். ஆகத் தாத்தா செய்த நான்கு சோதனையில் ஒன்றுகூடத் தேறாது. ஆனாலும் அந்த நாய், பெயர் கருப்பி, எங்கள் வீட்டில் வளர்ந்த அத்தனை குழந்தைகளோடும் புரண்டது. ஒரு பல் யார் மேலும் பட்டதில்லை.

காரணம் சோதனைக்கு வெளியே இருந்தது. அந்தத் தாயைத் தாத்தாவுக்குப் பல வருஷமாகத் தெரியும். களத்துமேட்டில் கதிரடிக்கிற கூட்டத்துக்கு நடுவே அவள் எப்படிப் படுத்திருப்பாள், தவழ்கிற பிள்ளை வாலை மிதித்தால் என்ன செய்வாள், ராத்திரி அந்நிய ஆள் வந்தால் எத்தனை தூரத்தில் நின்று குரைப்பாள், எல்லாம் பார்த்துப் பார்த்துத் தெரிந்தது. தகப்பன் யார் என்பதும் ஊருக்கே தெரியும். "தாயைத் தண்ணித்துறையில பாத்தா மகளை வீட்ல போய்ப் பாக்க வேண்டாம் தாயி" என்று என்னிடம் சொன்னவர், சாக்கில் உட்கார்ந்து அண்ணம் பார்த்தது சாஸ்திரத்துக்காக. உண்மையான தேர்வு அதற்கு முன்பே முடிந்திருந்தது.

அந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது இதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வராது. கடுவன் குட்டிகளுக்குத்தான் ஆள் சொல்லிவைத்திருந்தார்கள். பெட்டைக் குட்டிகளை யாரும் கேட்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு ஈத்து போடும், யார் கஞ்சி ஊற்றுவது என்ற கணக்கு. கருப்பியின் கூடப் பிறந்தவற்றில் கடைசி வரை ஆள் வராத பெட்டைகளைச் சாக்கில் போட்டு வாரச்சந்தைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். கருப்பி பெட்டையாக இருந்தும் எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு ஒரே காரணம், தாய் அவளைக் கவ்வியதும் தாத்தா பேச்சு மாறாமல் எடுத்துக்கொண்டது. குட்டிகள் போன பிறகு அந்தத் தாய் படப்பைச் சுற்றிச் சுற்றி வந்ததை நான் பார்த்தேன். மடி கல்லாகக் கட்டியிருந்தது. அவள் படுத்து எழுந்த இடத்தில் மண்ணில் பால் சொட்டு சொட்டாக நனைந்திருந்தது. வீட்டுக்காரரின் மனைவி சாம்பலைக் குழைத்து மடியில் பூசிக்கொண்டிருந்தார். எனக்குச் சின்ன வயது, ஆனால் அது நியாயமில்லை என்பது அப்போதே தெரிந்தது.

இன்னொன்று, ஊசி. அப்போது எங்கள் ஊரில் எந்த நாய்க்கும் தடுப்பூசி போட்டு நான் பார்த்ததில்லை. ஊசி கடிபட்ட மனிதருக்குத்தான். சர்க்கார் ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு. ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தயாரித்த மருந்து அது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாய்ப் பயத்தைவிட அந்த ஊசிப் பயம் பெரிது. இந்தியாவில் அந்த மருந்து 2004இல்தான் நிறுத்தப்பட்டது. இன்று புஜத்தில் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது, குட்டிக்கு மூன்று மாதத்திலேயே வெறிநாய்த் தடுப்பூசி போட்டுவிடுகிறோம். பழைய நாட்களை ஆசையோடு நினைக்கிறவர்கள் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இப்போது என் மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். சிறிய காம்பவுண்டு வீடு, பக்கத்திலேயே ஆள் நடமாட்டமில்லாத ஒரு லேஅவுட் மைதானம். ஆறு வயதுப் பேத்தி. மகளின் மாமியார், என் சம்பந்தியம்மா, முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கிறார். நாய் வேண்டும் என்று பேத்தி கேட்டாள், அதிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மாப்பிள்ளைக்கு ராஜபாளையம் மேல் ஆசை. 2005இல் தபால்துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. சிறுவயதில் அதைச் சேர்த்து வைத்தவர் அவர். மகளுக்கு நம் ஊர் நாயே வேண்டும். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி நம் நாய்களை வளர்க்கச் சொன்ன பிறகு, அதுவரை ஊர்க்காட்டு நாய் என்று ஒதுக்கியவர்கள்கூட என்னிடம் விசாரித்தார்கள்.

நான் முதலில் சொன்னது தெருக்குட்டியை எடுக்கச் சொல்லித்தான். அதை இப்போதும் சொல்வேன். மகள் வீட்டுத் தெருமுனை டீக்கடையில் ஒரு பெட்டை இருந்தது. மழைக்கு பெஞ்சுக்கு அடியில் படுக்கும், பள்ளிப் பிள்ளைகள் தலையைத் தடவிவிட்டுப் போவார்கள், வாலை ஆட்டுமே தவிர முறைக்காது. தாயைத் தண்ணித்துறையில் பார்ப்பது என்றால் நகரத்தில் இதுதான். அவள் குட்டிகளில் ஒன்றை எடுப்பது என்று முடிவாகியிருந்தது. அந்த ஈத்து முழுக்கப் பார்வோ வைரஸ் நோயில் போய்விட்டது. காலையில் சோர்ந்து கிடந்த குட்டி, மறுநாள் வாந்தி, ரத்தபேதி, அதோடு சரி. 1978 வாக்கில்தான் உலகம் இந்த வைரஸை அடையாளம் கண்டது. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு இடைவெளி விட்டுப் பதினாறு வாரம் வரை தொடர்ந்து போட வேண்டும், ஏனென்றால் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சத்து உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. டீக்கடைப் பெட்டையைக் கருத்தடைக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு போனில் படங்கள் வர ஆரம்பித்தன. பிளாஸ்டிக் கூடையில் ஏழெட்டுக் குட்டிகள், கழுத்தில் ரிப்பன். முப்பத்தைந்து நாள் குட்டி, வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். நேரில் பார்க்கப் போனோம். கடையில் குட்டி இருந்தது, தாய் இல்லை. "தாய் பண்ணையில இருக்கும்மா" என்றார் கடைப் பையன். பண்ணை எங்கே என்றால் பதில் இல்லை. கையிலெடுத்த குட்டிக்கு உடம்பு எலும்பாகவும் வயிறு மட்டும் பானையாகவும் இருந்தது, குடற்புழு. வாலைத் தூக்கினால் கழிச்சல் காய்ந்து ஒட்டியிருந்தது. பேத்தி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிடுங்கித் திருப்பிக் கொடுத்தபோது அவள் அழுத அழுகை எங்கள் எல்லாரையும் கலக்கிவிட்டது. பாவம் பார்த்து வாங்கினால் அந்தக் கூடையில் அடுத்த ஈத்து வந்து உட்காரும், அந்தப் பார்க்கக் கிடைக்காத தாய் மறுபடி சினையாவாள். அதனால்தான் திரும்பி வந்தோம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. கேட்கிறவர்கள் கேட்டால்தான் விதிக்கு உயிர்.

எட்டு வாரம் என்பது சும்மா வைத்த கணக்கு இல்லை. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் ஐந்து இன நாய்களை வருஷக்கணக்கில் வளர்த்துப் பார்த்து 1965இல் புத்தகம் எழுதினார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரையிலான காலம்தான் குட்டி மற்ற நாய்களோடும் மனிதரோடும் பழகக் கற்றுக்கொள்கிற காலம். அதில் முதல் பாதி தாய்க்கும் கூடப்பிறந்ததுகளுக்கும் உரியது. விளையாட்டில் ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விலகிப் போகும். எவ்வளவு கடிக்கலாம் என்ற அளவைக் குட்டி அங்கேதான் படிக்கிறது. ஐந்தாவது வாரத்தில் கூடையில் போட்டுக் கொண்டுவந்தால் அந்தப் பாடத்தை உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையில்தான் படிக்கும். மறுபாதி நம்முடையது. மிக்ஸி சத்தம், கைத்தடி, சைக்கிள், தீபாவளி வெடி, யூனிஃபார்ம் போட்ட ஆள் எல்லாவற்றையும் அந்தச் சில வாரங்களில் பயமில்லாமல் பார்த்த நாய் பிறகு எதற்கும் அவ்வளவாக மிரளாது.

கடைசியில் என் தம்பி சாத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயியைச் சொன்னான். வீட்டு வளர்ப்பு, வருஷத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் விடுவதில்லை. குட்டிகளுக்கு ஏழு வாரம் ஆகியிருந்தது. மகள் குடும்பத்தோடு நானும் போனேன்.

வாசலில் கால் வைத்ததும் தாய் எழுந்து வந்தாள். செவலைச் சிப்பிப்பாறை, இடுப்பு ஒட்டி, மடி வற்றத் தொடங்கியிருந்தது. நாலடி தள்ளி நின்று தொண்டைக்குள் உறுமினாள். வீட்டுக்காரர் "ஏ, சும்மாரு, நம்ம ஆளுதான்" என்றதும் காதைத் தளர்த்தி, பக்கத்தில் வந்து, என் சேலை முந்தானையை முகர்ந்தாள். பேத்தியின் கையை நக்கினாள். சம்பந்தியம்மாவின் கைத்தடியை ஒரு தடவை பார்த்துவிட்டு நிழலில் போய்ப் படுத்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு மனசு பாதி நிறைந்துவிட்டது. அந்நியரைக் கண்டு உறுமாத தாய் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சொன்னால் அடங்குகிற தாய் வேண்டும், குழந்தையைக் கண்டு ஒதுங்காத தாய் வேண்டும். மூலையில் சங்கிலியில் கட்டி, கிட்டே போகாதீங்க என்று சொல்லப்படுகிற தாயின் குட்டியைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு யாரும் எடுக்க வேண்டாம்.

பிறகு குட்டிகள். யாரையும் கூப்பிடாமல் தரையில் உட்காரச் சொன்னேன். செவலைக் கடுவன் ஒன்று எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடிவந்து பேத்தியின் பாவாடையைக் கவ்வி இழுத்தது. அவள் சிரித்து, இதுதான் வேண்டும் என்றாள். பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும், குட்டியே நம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று. யார் வந்தாலும் முதலில் ஓடுவது அதுதான், தட்டில் முதலில் வாய் வைப்பதும் அதுதான் என்று வீட்டுக்காரர் சொன்னார். ஓடியாடித் திரிகிற, நாயோடு நாள் முழுக்க இருக்கிற ஆளுக்கு அது தங்கம். ஆறு வயதுப் பிள்ளையும் முழங்கால் வலிக்காரரும் இருக்கிற வீட்டுக்கு அதிகம். சுவரோரம் ஒண்டியிருந்த சாம்பல் நிறக் குட்டி ஒன்று. மகளுக்கு அதன் மேல் இரக்கம் வந்துவிட்டது. மடியில் வைத்தால் உடம்பு விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிந்தது. ஓடமுடியாத இடத்தில் மாட்டிக்கொண்ட பயந்த நாய்தான் கடிக்கும். குழந்தைகள் நாயை மாட்டவைப்பது கட்டிலுக்கு அடியில்தான். சத்தமில்லாத வீட்டில், பொறுமையான ஒருவரிடம் அது நன்றாக வளரும் என்று சொல்லி இறக்கிவிடச் சொன்னேன்.

மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தனியே எடுத்தோம். எவர்சில்வர் தம்ளரை சிமெண்டுத் தரையில் தள்ளிவிட்டேன். கன்னி நிறப் பெட்டை ஒன்று துள்ளிப் பின்வாங்கி, நின்று, மெல்ல வந்து தம்ளரை முகர்ந்தது. பயப்படாமல் இருப்பது முக்கியமில்லை, பயந்த பிறகு திரும்பி வருவதுதான் முக்கியம். மடியில் மல்லாத்திப் பிடித்தால் காலை உதறிவிட்டுப் பிறகு அடங்கிப் பேத்தியின் முகத்தைப் பார்த்தது. வாயைத் திறந்து ஈறைப் பார்த்தேன், ரோஜா நிறம். அண்ணம் கறுப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை, திட்டுத் திட்டாக இருந்தது. காதை மோந்து பார்த்தேன், நாற்றமில்லை. தொப்புளில் பிதுக்கம் இல்லை. கண்ணில் பீளை இல்லை.

காது கேட்கிறதா என்பதை மாப்பிள்ளைக்காகக் காட்டினேன். ராஜபாளையம் போன்ற முழு வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கிற அதே அணுக்கள் உள்காதுக்கும் வேண்டும், அவை இல்லாத இடத்தில் கேள்வி நரம்பின் முனைகள் பிறந்த சில வாரத்திலேயே மடிந்துவிடும். ஈத்தோடு இருக்கும்போது செவிட்டுக் குட்டியைக் கண்டுபிடிக்க முடியாது, மற்றவை ஓடினால் அதுவும் ஓடும். அது தூங்கும்போது, காற்றோ தரை அதிர்வோ படாமல், பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்க வேண்டும். கன்னிக் குட்டி தூக்கத்திலேயே காதைத் திருப்பியது. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிப் பிடிக்க முடியாது. அதற்கு மூளையின் மின்னலையைப் பார்க்கிற பரிசோதனைதான் வழி.

இத்தனையும் செய்தேன். ஆனால் இவற்றை நான் ஜோசியமாக எடுத்துக்கொள்ளவில்லை. வியன்னாவில் பார்டர் கோலி குட்டிகளைப் பிறந்தவுடனும் ஆறேழு வாரத்திலும் சோதித்து, வளர்ந்த பிறகு மறுபடி சோதித்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில், குட்டியில் கண்ட குணத்துக்கும் வளர்ந்த நாயின் குணத்துக்கும் பெரும்பாலும் தொடர்பு தெரியவில்லை. தம்ளரும் மல்லாத்துவதும் இரண்டு கோடியையும் ஒதுக்க உதவும், நோயைக் காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் சொல்வது தாய்தான், அதற்கும் மேல் நாம் வளர்க்கிற விதம். இன்று கையில் இத்தனை அறிவு வந்த பிறகு, எந்த ஒன்று தாத்தாவுக்குச் சும்மா கிடைத்ததோ, அந்தத் தாயின் முகத்தைப் பார்க்காமல் போன் படத்தைப் பார்த்து நாய் வாங்குகிறோம் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். தடுப்பூசி அட்டையும் வேண்டும், தாயும் வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் இந்தக் காலத்துக்கு இல்லை.

கன்னிப் பெட்டை என்று எங்களுக்குள் முடிவானதும் வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்.

"பகல்ல வீட்ல யாரும்மா இருப்பா?"

"எங்க அத்தை இருப்பாங்க அண்ணாச்சி" என்றாள் மகள்.

"காலையில யாரு ஓட்டிட்டுப் போவா? இது நடக்கிற நாய் இல்ல, ஓடுற நாய். கட்டிப் போட்டீங்கன்னா வீட்டையே பேத்து எடுத்துரும். கோழி, பூனை இருக்கா பக்கத்துல?"

மாப்பிள்ளை விடிகாலையில் தானே மைதானத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். பக்கத்து வீட்டில் பூனை உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். கண்ணால் பார்த்து விரட்டுகிற இனம் இது, பூனையோடு சின்னதிலேயே பழக்கினால் அந்தப் பூனையை விட்டுவிடும், வேறு பூனைக்கு உத்தரவாதம் கிடையாது என்றார் அவர். எங்கேயாவது மாற்றலாகி வைத்துக்கொள்ள முடியாமல் போனால் வேறு யாரிடமும் தள்ளிவிடாமல் தன்னிடமே கொண்டுவந்துவிட வேண்டும் என்று மகளிடம் வாக்கு வாங்கினார். எட்டு வாரம் முடிந்து முதல் ஊசியும் போட்ட பிறகு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தாயும் குட்டிகளும் படுக்கிற சாக்கில் போட்டுவைக்க ஒரு பழைய துண்டை மகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டார், முதல் சில ராத்திரிக்கு அந்த வாசம் குட்டிக்குத் துணை.

கிளம்பும்போது மற்றக் குட்டிகளுக்கு ஆள் வந்துவிட்டதா என்று கேட்டேன். "பெட்டை எல்லாத்துக்கும் ஏற்கெனவே சொல்லியாச்சுக்கா, ஒங்களுக்கு இது மிஞ்சுனதே பெருசு. கடுவன்தான் ரெண்டு நிக்குது" என்றார். செவலைக் கடுவனுக்கு என் தம்பியிடம் ஆள் இருந்தது. ஆட்டுக்கிடை போடுகிறவர், நாள் முழுக்கக் காட்டில் திரிகிறவர். அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டோம்.